ஈஸ்ட்டில் எம்ஆர்என்ஏ சிதைவை ஆன்டிபயாடிக் கொண்டு அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்ட் என்று இங்கே சொல்வதெல்லாம் சாக்கரோமைசஸ் செரிவிசியே, அதாவது ரொட்டி ஈஸ்ட். எம்ஆர்என்ஏ என்பது புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல். ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். தயோலூட்டின், சைக்ளோஹெக்ஸிமைடு என்ற இரண்டு ஆன்டிபயாடிக்குகளைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். ஆட்கள் அதிகம் சறுக்குவதும் அந்த இரண்டில்தான்.

எம்ஆர்என்ஏ எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று பார்க்க மருந்து எதற்கு?

ஒரு தொட்டியில் மேலே குழாயிலிருந்து தண்ணீர் விழுகிறது, அடியில் ஓட்டை வழியாக வெளியேறுகிறது. தண்ணீர் மட்டம் மாறாமல் நிற்கிறது. மட்டத்தை மட்டும் பார்த்து ஓட்டை எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாது. குழாயை மூடிவிட்டு மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். உயிரணுவில் குழாய் என்பது படியெடுத்தல், அதாவது டிஎன்ஏவிலிருந்து எம்ஆர்என்ஏ உருவாவது. அதை நிறுத்தத்தான் மருந்து.

நம் சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. குழாயை மூடப் போன கை ஓட்டையையும் பாதி அடைத்துவிட்டால், நாம் அளந்தது எதை?

சிதைவு எந்தெந்தப் படிகளில் நடக்கிறது?

ஈஸ்ட்டில் பெரும்பாலான எம்ஆர்என்ஏ ஒரே வரிசையில் சிதைகிறது. முதலில் பின்முனையில் உள்ள பாலி-ஏ வால் குட்டையாகிறது. 70, 80 அடினைன் நீளத்தில் தொடங்கி 10, 12 வரை வந்துவிடும். இதைச் செய்வது முக்கியமாக சிசிஆர்4-நாட் என்ற நொதிக் கூட்டமைப்பு. பான்2-பான்3 என்ற இணையும் துணைக்கு உண்டு. வால் குட்டையான பிறகு டிசிபி1-டிசிபி2 நொதி முன்முனைத் தொப்பியை வெட்டி எடுக்கும். தொப்பி போனால் எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி அந்த முனையிலிருந்து மளமளவென்று தின்றுகொண்டே போகும். பின்முனையிலிருந்து எக்ஸோசோம் என்ற நொதித் தொகுதி தின்னும் பாதையும் இருக்கிறது, ஆனால் இயல்பான நிலையில் அதன் பங்கு குறைவு.

இந்த வரிசையை 1990களின் முதல் பாதியில் நிறுவியபோது பயன்பட்ட ஓர் உத்தி எனக்கு இன்றும் பிடித்தமானது. எம்ஆர்என்ஏவின் நடுவில் 18 குவானைன்களை வரிசையாக வைத்துவிடுவார்கள். அந்த இடம் முடிச்சுப்போல் இறுகிக்கொள்ளும், எக்ஸ்ஆர்என்1 அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். ஆர்என்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பாதி தின்ற துண்டு தனிப் பட்டையாகத் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து தின்றது என்பதற்கு அந்தப் பட்டையே சாட்சி.

எந்த மருந்துகள் புழக்கத்தில் இருக்கின்றன?

படியெடுத்தலை நிறுத்த தயோலூட்டின். இது ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் மஞ்சள் நிற ஆன்டிபயாடிக். 1,10-ஃபினாந்த்ரோலினையும் சிலர் இதே வேலைக்குப் போடுவார்கள். அது ஆன்டிபயாடிக் இல்லை, உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள். புரத உற்பத்தியை நிறுத்த சைக்ளோஹெக்ஸிமைடு; 1940களில் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரீசியஸிலிருந்து கிடைத்தது. ஒரே ஒரு மரபணுவை மட்டும் அணைக்க டாக்ஸிசைக்ளின். ராபமைசினுக்கும் இதில் ஒரு வேலை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மனித உயிரணுக்களுக்கு ஆக்டினோமைசின் டி போடுகிறார்களே, ஈஸ்ட்டுக்கு ஏன் போடுவதில்லை?

உள்ளே போகாது. ஈஸ்ட்டின் செல்சுவரும் சவ்வும் அதைப் பெரும்பாலும் வெளியிலேயே நிறுத்திவிடும். ஆல்ஃபா-அமானிட்டினுக்கும் இதே கதைதான். அதற்கு மேல், எம்ஆர்என்ஏவை உருவாக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 ஈஸ்ட்டில், பாலூட்டிகளுடையதைவிட அந்த நஞ்சை நன்றாகவே தாங்கும்.

தயோலூட்டின் உள்ளே போய் என்ன செய்கிறது?

இதற்கு நீண்ட நாள் தெளிவான பதில் இல்லை. 1973-லேயே ஈஸ்ட்டில் இது ஆர்என்ஏ உருவாவதை நிறுத்துகிறது என்றும், பிரித்தெடுத்த பாலிமரேஸ்களைத் தடுக்கிறது என்றும் காட்டினார்கள். பிறகு வேறு சிலர் உயிரணுவுக்கு வெளியே, சோதனைக்குழாயில் சோதித்தபோது அதே முடிவு வரவில்லை. 2017-ல் இன்னொரு முகம் தெரிந்தது: தயோலூட்டின் துத்தநாக அயனியைப் பிடித்துக்கொள்கிறது, புரதங்களை அழிக்கும் புரோட்டியசோமில் உள்ள ஆர்பிஎன்11 போன்ற துத்தநாக நொதிகளை முடக்குகிறது. அப்படியென்றால் படியெடுத்தல் நிற்பது வெறும் பக்கவிளைவா என்ற கேள்வி வந்தது. 2024-ல் வந்த ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. தயோலூட்டின் ஒடுக்கப்பட்ட (எலக்ட்ரான் பெற்ற) வடிவத்துக்கு மாற வேண்டும், கூடவே மாங்கனீஸ் அயனி இருக்க வேண்டும். அப்போது அது பாலிமரேஸ் 2-ஐ நேரடியாகவே தடுக்கிறது. முன்பு சோதனைக்குழாய் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதன் காரணமும் இதில் புரிகிறது.

அதே ஆய்வு உயிரணுவுக்குள் இந்த மருந்து கிளப்பும் மற்றக் கலவரத்தையும் காட்டியது: ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கான வினை, உலோகச் சமநிலைக் குலைவு, மருந்தை வெளியேற்றும் பம்புகளின் பங்கு. குழாயை மூடும் கை சும்மா மூடிவிட்டுப் போவதில்லை.

அளவு எவ்வளவு?

பலரும் ஒரு மில்லி லிட்டருக்கு 3 முதல் 10 மைக்ரோகிராம் வரை போடுகிறார்கள். வழக்கம் என்பதற்காக அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஈஸ்ட் வகை, ஊடகம், மருந்துத் தொகுதி மூன்றையும் பொறுத்து மாறும். வளர்ச்சி நின்றதா என்று பார்ப்பதும் போதாது, ஏனென்றால் வளர்ச்சி வேறு நூறு காரணத்தால் நிற்கும்.

நான் செய்வது இது. ஏசிடி1 மரபணுவுக்கு ஓர் இன்ட்ரான் உண்டு, அதாவது படியெடுத்த பிறகு வெட்டி நீக்கப்படும் ஒரு பகுதி. அந்த இன்ட்ரான் இன்னும் வெட்டப்படாமல் இருக்கும் முன்னோடி ஆர்என்ஏ சில நிமிடங்கள்கூடத் தங்காது. மருந்து போட்டு 2, 5, 10 நிமிடங்களில் அதை மட்டும் கியூபிசிஆரில் (குறிப்பிட்ட ஒரு வரிசையின் அளவைக் காட்டும் முறை) அளக்கிறேன். புதிதாகப் படியெடுத்தல் நடந்துகொண்டிருந்தால் அது இருந்துகொண்டே இருக்கும். நின்றிருந்தால் சட்டென்று விழுந்துவிடும். அது விழும் அளவுகளிலேயே மிகக் குறைந்ததுதான் உங்களுக்கான அளவு.

அளவு குறைந்தாலும் ஆபத்து உண்டு. தயோலூட்டின் குறைவாக இருக்கும்போது வெப்ப அதிர்ச்சி மரபணுக்கள் சில தூண்டப்படுகின்றன. எச்எஸ்பி12, எச்எஸ்பி26 இரண்டும் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டுகள். நீங்கள் பார்க்க நினைக்கும் எம்ஆர்என்ஏ அந்தக் குடும்பத்தில் ஒன்றாக இருந்தால் இந்த மருந்தே வேண்டாம்.

தயோலூட்டினே சிதைவைத் தடுக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2008-ல் இதை நேரடியாகவே சோதித்துக் காட்டினார்கள். வேறு வழியில் படியெடுத்தலை நிறுத்தி, அதோடு தயோலூட்டினையும் போட்டுப் பார்த்தால், எம்ஆர்என்ஏ இன்னும் மெதுவாகத்தான் குறைந்தது. மருந்து கூடக்கூட இந்தத் தடையும் கூடியது. குழாயை மூடிய கை ஓட்டையையும் அடைக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

என் முதல் தயோலூட்டின் சோதனை இப்படித்தான் கெட்டது. எம்எஃப்ஏ2 மரபணுவின் எம்ஆர்என்ஏவுக்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 3, 4 நிமிடம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கு 12 நிமிடம் வந்தது. மருந்து சரியாக வேலை செய்யவில்லை போல என்று நினைத்து அளவை இரட்டிப்பாக்கினேன், இன்னும் நீண்டது. ஒரு வாரம் ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் முறையைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அளவைப் பாதியாகக் குறைத்தபோதுதான் 5 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்றிலிருந்து மூன்று அளவுகளில் செய்யாத தயோலூட்டின் சோதனையை நான் நம்புவதில்லை. மருந்தின் அளவோடு சேர்ந்து அரை ஆயுளும் நகர்ந்தால் நீங்கள் எம்ஆர்என்ஏவை அளக்கவில்லை, மருந்தைத்தான் அளக்கிறீர்கள்.

சரி, அப்படியானால் ஆர்பிபி1-1 பிறழ்வே போதுமே?

ஆர்பிபி1-1 என்பது பாலிமரேஸ் 2-இன் பெரிய துணையலகில் உள்ள, வெப்பத்தால் செயலிழக்கும் பிறழ்வு. 1987-இல் விவரிக்கப்பட்டது. 24 டிகிரி செல்சியஸில் வளர்த்து 37-க்கு மாற்றினால் சில நிமிடங்களில் படியெடுத்தல் நின்றுவிடும். மருந்தே வேண்டாம், அதனால் மருந்தின் பக்கவிளைவும் இல்லை. ஆனால் வெப்ப அதிர்ச்சி வந்துவிடுகிறது. 37 டிகிரி என்பது ஈஸ்ட்டுக்குச் சாதாரண நாள் இல்லை.

வெப்பத்தை மாற்றும் விதமும் முக்கியம். குடுவையை 37 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்தால் உள்ளே சூடேற 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எம்எஃப்ஏ2 பாதி போயிருக்கும். 24 டிகிரியில் உள்ள வளர்ப்போடு, அதே கொள்ளளவு 50 டிகிரி ஊடகத்தை ஒரேயடியாக ஊற்றிக் கலந்தால் அந்த நொடியே 37. ஊற்றிய கையோடு நிறுத்துக்கடிகாரத்தை அழுத்துங்கள்.

கட்டாயம் வேண்டிய ஒப்பீடு: பிறழ்வு இல்லாத ஈஸ்ட்டையும் இதே மாதிரி சூடாக்கிப் பார்ப்பது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மரபணுவை மட்டும் அணைக்க முடியாதா?

முடியும், முடிந்தால் அதுதான் மேல். இரண்டு வழிகள். ஒன்று, மரபணுவை காலக்டோஸ் தூண்டியின் (காலக்டோஸ் இருந்தால் மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதி) கீழ் வைத்து, காலக்டோஸில் வளர்த்து, குளுக்கோஸ் சேர்ப்பது. ஒரு நிமிடத்துக்குள்ளாகவே தூண்டி அணைந்துவிடும். விலை என்னவென்றால் உணவு மாறுகிறது, அதோடு ஆயிரக்கணக்கான மரபணுக்களின் நடத்தையும் மாறுகிறது.

இரண்டாவது, டெட்ராசைக்ளினால் அணையும் தூண்டி. இதற்காக 1997-இல் வந்த பிளாஸ்மிடு (ஈஸ்ட்டுக்குள் செலுத்தும் வட்ட டிஎன்ஏ) வரிசை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இங்கே டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த டாக்ஸிசைக்ளின் ஆன்டிபயாடிக் ஆகவே வேலை செய்யவில்லை. டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுவை இயக்கும் ஒரு செயற்கைப் புரதத்தைப் பிடித்து அங்கிருந்து எழுப்பி விடுகிறது, அவ்வளவுதான். உணவு மாறாது, வெப்பம் மாறாது. ஈஸ்ட்டுக்கு மருந்து போட்டதே தெரியாத அளவுக்கு அமைதி. குளுக்கோஸ் அளவுக்கு உடனே அணையாது என்பதால் 3 நிமிட எம்ஆர்என்ஏவுக்கு இது பொருந்தாது. 15 நிமிடத்துக்கு மேல் இருப்பவற்றுக்கு நான் முதலில் கையை வைப்பது இதில்தான்.

சைக்ளோஹெக்ஸிமைடு எம்ஆர்என்ஏவை நீண்ட நேரம் வாழவைக்கிறது. ஏன்?

இந்தத் துறையில் நான் மிகவும் ரசிக்கும் கேள்வி இது.

ரைபோசோம் எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் இயந்திரம். சைக்ளோஹெக்ஸிமைடு அதன் பெரிய துணையலகில், அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து வேலை முடிந்த டிஆர்என்ஏ வெளியேறும் இடத்தில் போய் உட்காரும். ரைபோசோம் அடுத்த கோடானுக்கு (மூன்றெழுத்துச் சொல்லுக்கு) நகர முடியாது. மில்லி லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் போட்டால் எம்ஆர்என்ஏ மேல் உள்ள ரைபோசோம்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே உறைந்துவிடும். புரதம் உருவாகாத எம்ஆர்என்ஏ உபயோகமில்லாதது, உயிரணு அதைச் சீக்கிரம் அழிக்கும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. எம்எஃப்ஏ2 போன்ற குறுகிய ஆயுள் எம்ஆர்என்ஏகூட நிலைத்து நிற்கிறது. பாலி-ஏ வால் குட்டையாவது தொடர்ந்து நடக்கிறது, ஆனால் தொப்பி வெட்டப்படுவதில்லை. ஜெல்லில் பார்த்தால் வால் இழந்த எம்ஆர்என்ஏ கீழே ஒரு பட்டையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இதையே வேறு வழியில் செய்து பாருங்கள். ரைபோசோம் ஏறுவதையே தடுக்க வேண்டும், அதாவது தொடக்கத்தைத் தடுக்க வேண்டும். ரைபோசோமை ஏற்றிவிடும் புரதங்களான தொடக்கக் காரணிகளில் பிறழ்வு உள்ள ஈஸ்ட்டில் எம்ஆர்என்ஏ வேகமாகச் சிதைகிறது. ஹிப்புரிஸ்டனால் என்ற மருந்து, எம்ஆர்என்ஏவின் மடிப்பை அவிழ்க்கும் இஐஎஃப்4ஏ என்ற தொடக்கக் காரணியைத் தடுத்துத் தொடக்கத்தை நிறுத்தும். அதிலும் அரை ஆயுள் குறைகிறது. இரண்டிலும் புரத உற்பத்தி நிற்கிறது, ஆனால் ஒன்றில் எம்ஆர்என்ஏ தப்பிக்கிறது, இன்னொன்றில் சீக்கிரம் சாகிறது. ஆக, புரதம் வருகிறதா இல்லையா என்பதை உயிரணு கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. எம்ஆர்என்ஏ மேல் ரைபோசோம் இருக்கிறதா, தொப்பியைத் தொடக்கக் காரணிகள் பிடித்திருக்கின்றனவா என்பதுதான் முடிவு செய்கிறது. தொப்பி காலியாகக் கிடந்தால் டிசிபி2 வந்துவிடும்.

நுண்ணோக்கியிலும் இதைப் பார்க்கலாம். சிதைவு நொதிகள் ஒன்றுகூடும் பி-உடல்கள், குளுக்கோஸை எடுத்துவிட்டால் பளிச்சென்று பெரிதாகின்றன. அப்போது ரைபோசோம்கள் எம்ஆர்என்ஏவிலிருந்து இறங்கிவிட்டன. சைக்ளோஹெக்ஸிமைடு போட்டால் அதே புள்ளிகள் கரைந்து மறைகின்றன, ஏனென்றால் எம்ஆர்என்ஏ எல்லாம் ரைபோசோமின் பிடியில் இருக்கிறது.

அப்படியென்றால் சைக்ளோஹெக்ஸிமைடு போட்ட பின் ஒரு எம்ஆர்என்ஏ அதிகமானால், அது சிதைவு நின்றதால்தானே?

அவசரப்படாதீர்கள். புரதம் உருவாவது நின்றதும் அமினோ அமிலங்கள் செலவாகாமல் உள்ளே தேங்கும். உணவு இருப்பை உணரும் டிஓஆர்சி1 பாதை அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு, ரைபோசோம் கட்டும் மரபணுக்களின் படியெடுத்தலைக் கூட்டும். மட்டம் உயர்ந்தது ஓட்டை அடைபட்டதாலா, குழாய் இன்னும் திறந்ததாலா? வெறும் சைக்ளோஹெக்ஸிமைடு சோதனை இதைச் சொல்லாது. படியெடுத்தலையும் தனியாக நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மருந்தின் விளைவு உண்மையிலேயே ரைபோசோம் வழியாக வருகிறதா என்று உறுதிசெய்ய அருமையான ஒப்பீடு ஒன்று இருக்கிறது. ரைபோசோம் புரதம் ஒன்றை உருவாக்கும் சிஒய்எச்2 மரபணுவில், அந்தப் புரதத்தின் 38-ஆவது இடத்தில் உள்ள குளூட்டமைன் மாறிய ஈஸ்ட்டை சைக்ளோஹெக்ஸிமைடு தொடாது. அந்த ஈஸ்ட்டிலும் உங்கள் எம்ஆர்என்ஏ நிலைத்து நின்றால் வேறு ஏதோ நடக்கிறது என்று பொருள்.

இதே சிஒய்எச்2-வுக்கு இன்னொரு பயனும் உண்டு. இன்ட்ரான் வெட்டப்படாத அதன் முன்னோடி ஆர்என்ஏவில் நிறுத்தக் கோடான் பாதியிலேயே வந்துவிடுகிறது. யூபிஎஃப்1, 2, 3 புரதங்கள் சார்ந்த கண்காணிப்புப் பாதை அப்படிப்பட்டதைப் பிடித்து அழிக்கும். சைக்ளோஹெக்ஸிமைடு போட்டால் அது சேரும்; மருந்தைக் கழுவிவிட்டால் மீண்டும் சிதையும். உங்கள் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு உள்ளேயே இருக்கும் சாட்சி அது.

மாதிரி எடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நேரத்தில். ஆனால் எல்லோரும் பயப்படும் இடத்தில் இல்லை. மாதிரி எடுத்து உறையவைக்க 30 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை ஆயுள் 3 நிமிடமான எம்ஆர்என்ஏ அதற்குள் 11 சதவீதம் போய்விடும். ஆனால் எல்லா மாதிரிக்கும் அதே 30 விநாடி என்றால் சரிவு மாறாது, அரை ஆயுளும் சரியாகவே வரும். முதல் மாதிரிக்கு 20 விநாடி, களைத்துப்போன எட்டாவது மாதிரிக்கு ஒன்றரை நிமிடம் என்று போகும்போதுதான் கணக்கு கெடுகிறது. ஆகவே வேகத்தைவிட ஒரே சீராகச் செய்வது முக்கியம்.

மையவிலக்கில் சுற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடியில் உருண்டையாகச் சேர்ந்த உயிரணுக்களுக்குக் குளுக்கோஸ் தீர்ந்துபோகும். குளுக்கோஸ் தீர்ந்தால் என்ன நடக்கும் என்று மேலே பார்த்தோம். வெற்றிட வடிகட்டியில் ஊற்றி, வடிதாளோடு திரவ நைட்ரஜனில் போடுவது பாதுகாப்பு. அது இல்லையென்றால் முன்பே குளிரவைத்த மைனஸ் 40 டிகிரி மெத்தனாலில் வளர்ப்பை நேராக ஊற்றலாம். ஆர்என்ஏவைப் பிரிக்க சூடான அமில ஃபீனால் இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை.

0 நிமிட மாதிரியை மருந்து போடும் முன் எடுங்கள். இன்னொரு குடுவையில் மருந்தில்லாமல், மருந்தைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றி அதையும் கடைசி வரை கொண்டுபோங்கள். உயிரணு நெரிசலைக் காட்டும் ஒளிஅடர்த்தி வளர்ப்பில் 0.4-ஐ ஒட்டி இருக்கட்டும். நெரிசலான வளர்ப்பில் குளுக்கோஸும் குறைந்திருக்கும், சிதைவும் வேறு மாதிரி நடக்கும்.

மாதிரிக்கு மாதிரி ஆர்என்ஏ அளவு மாறுவதை எதை வைத்துச் சமன்செய்வது? ஏசிடி1 போதுமா?

போதாது. படியெடுத்தலை நிறுத்தியபின் ஏசிடி1-உம் சிதைந்துகொண்டுதான் இருக்கிறது. குறைந்துகொண்டே போகும் ஒன்றால் வகுத்தால் உங்கள் எம்ஆர்என்ஏ நீண்ட ஆயுள் கொண்டதாகத் தெரியும். எஸ்சிஆர்1 நல்லது: அது பாலிமரேஸ் 3 உருவாக்கும் ஆர்என்ஏ, மிக நிலையானது. தயோலூட்டின் எல்லா பாலிமரேஸ்களையும் தொட்டாலும், ஒரு மணி நேரச் சோதனைக்குள் எஸ்சிஆர்1-இன் அளவு பெரிதாக அசையாது.

மரபணுத்தொகுதி முழுக்க ஆர்என்ஏ-வரிசைப்படுத்தல் செய்வதென்றால் வேறு வழியே இல்லை. வெளியிலிருந்து, தெரிந்த எண்ணிக்கையில் ஸ்கைசோசாக்கரோமைசஸ் பாம்பே என்ற வேறோர் ஈஸ்ட்டின் உயிரணுக்களை ஒவ்வொரு மாதிரியிலும், உயிரணுவை உடைக்கும் முன்பே கலக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் எல்லா மாதிரியையும் ஒரே மொத்தத்துக்குச் சமன்செய்துவிடும். பாதி எம்ஆர்என்ஏ போனதே தெரியாது.

இன்னொன்று. சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்ய, வாலில் ஒட்டும் ஆலிகோ-டிடி வேண்டாம், எங்கும் ஒட்டும் ஆறெழுத்துத் துண்டுகளான தன்போக்கு ஹெக்ஸாமர்களைப் போடுங்கள். வால் குட்டையான எம்ஆர்என்ஏ ஆலிகோ-டிடியில் சரியாக ஒட்டாது. எம்ஆர்என்ஏ அப்படியே இருக்கும், உங்கள் கணக்கில் மட்டும் காணாமல்போகும். சைக்ளோஹெக்ஸிமைடு சோதனையில் இந்தத் தவறு முடிவையே தலைகீழாக்கிவிடும்.

அரை ஆயுளை எப்படிக் கணக்கிடுவது?

எம்ஆர்என்ஏ அளவின் இயல்மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு வரவேண்டும். சரிவு கே என்றால் அரை ஆயுள் 0.693 ÷ கே. 10 நிமிடத்தில் 100-லிருந்து 25-க்கு வந்தால் இருமுறை பாதியாகியிருக்கிறது, அரை ஆயுள் 5 நிமிடம். இது எளிது.

கோடு வளைந்தால்தான் யோசிக்க வேண்டும். தொடக்கத்தில் தட்டையாக இருந்து பிறகு இறங்கினால், மருந்து வேலை செய்யத் தாமதமாகியிருக்கலாம். அல்லது அந்த எம்ஆர்என்ஏவின் வால் குட்டையாகவே நேரமாகிறது. பிஜிகே1 போன்ற நீண்ட ஆயுள் எம்ஆர்என்ஏக்களில் இது இயல்பு. கடைசியில் தட்டையானால் படியெடுத்தல் முழுதாக நிற்கவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

குழாய் முழுதாக மூடாமல் கசிந்தால் கணக்கு எவ்வளவு கெடும் என்று போட்டுக் காட்டுகிறேன். உண்மையான அரை ஆயுள் 4 நிமிடம், 10 சதவீதப் படியெடுத்தல் தொடர்கிறது. 12 நிமிடத்தில் மீதி இருக்க வேண்டியது 12.5 சதவீதம், ஆனால் கசிவால் 21 சதவீதம் இருக்கும். இரண்டு புள்ளிகளை மட்டும் இணைத்தால் அரை ஆயுள் 5.4 நிமிடம் என்று வரும். 20 நிமிடம் வரை நீட்டினால் 6.7 என்று வரும். ஒரே எம்ஆர்என்ஏ, ஒரே மருந்து. எவ்வளவு நேரம் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. 0, 2, 4, 6, 8, 10, 15, 20, 30 நிமிடம் என்று நெருக்கமாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். தயோலூட்டின் சோதனையில் 30 நிமிடத்துக்குப் பிறகான புள்ளிகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குள் உயிரணு வேறு நிலைக்குப் போயிருக்கும்.

ஒரே எம்ஆர்என்ஏவுக்கு ஆய்வுக்கு ஆய்வு வேறு எண் வருகிறதே, எதை நம்புவது?

வேறுபாடு சின்னதும் இல்லை. 2002-இல் ஆர்பிபி1-1 கொண்டு மரபணுத்தொகுதி முழுக்க அளந்தபோது சராசரி அரை ஆயுள் 23 நிமிடத்தை ஒட்டி வந்தது. 3 நிமிடம் முதல் 90 நிமிடத்துக்கும் மேல் வரை பரவியிருந்தது. படியெடுத்தலை நிறுத்தாமலே, புதிதாக உருவாகும் ஆர்என்ஏவில் சேரும் 4-தயோயுராசிலால் அடையாளமிட்டு 2018-இல் அளந்தபோது சராசரி 5 நிமிடத்துக்கு அருகில் வந்தது. நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதன் காரணங்களில் ஒன்று என்னை வெகுவாக யோசிக்கவைத்தது. 2012, 2013 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள், ஈஸ்ட் தன் எம்ஆர்என்ஏ மொத்தத்தைச் சமநிலையில் வைத்துக்கொள்ள முயல்கிறது என்று காட்டின. படியெடுத்தல் குறைந்தால் சிதைவையும் குறைத்துக்கொள்கிறது. எக்ஸ்ஆர்என்1-க்கு இதில் பங்கு உண்டு. அப்படியானால் குழாயை மூடுகிற செயலே ஓட்டையைச் சிறிதாக்குகிறது. அது தயோலூட்டினின் குறை மட்டும் இல்லை. ஆர்பிபி1-1 உட்பட, படியெடுத்தலை முழுதாக நிறுத்தும் எந்த முறையும் இதில் மாட்டும்.

என் அனுபவத்தில், மருந்து தரும் நிமிடக் கணக்கைவிட வரிசையை நம்பலாம். எம்எஃப்ஏ2 சீக்கிரம் போகிறது, பிஜிகே1 நிற்கிறது என்பது எந்த முறையிலும் மாறவில்லை. அதே நாளில், அதே தொகுதி மருந்தில், பிறழ்வுள்ள ஈஸ்ட்டையும் இல்லாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் அந்த விகிதத்துக்கு மதிப்பு உண்டு. பிறழ்வு மருந்தை உள்ளே விடும் விதத்தையே மாற்றியிருந்தால் அதுவும் போச்சு. முன்னோடி ஆர்என்ஏ சோதனையை இரண்டு ஈஸ்ட்டிலும் செய்யச் சொல்வது அதனால்தான்.

மருந்தே இல்லாத வழிகள் இருக்கும்போது மருந்து இன்னும் எதற்கு?

4-தயோயுராசில் முறை உயிரணுவை அதிகம் தொந்தரவு செய்யாது. ஆனால் அடையாளமிட்ட ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும், வெளிச்சத்திலிருந்து காக்க வேண்டும், கணக்கும் சிக்கலானது. பாலி-ஏ வால் எப்படிக் குட்டையாகிறது, இடைநிலைத் துண்டு எது என்றெல்லாம் ஜெல்லில் பார்க்க நினைப்பவருக்குக் குழாயை மூடி அளப்பதே வசதி.

நடுவழியும் உண்டு. ஆர்பிபி1-ஐ (பாலிமரேஸ் 2-இன் பெரிய துணையலகு) ஆக்ஸின் என்ற தாவர ஹார்மோன் சேர்த்தால் அழியும்படி செய்யலாம். அல்லது ராபமைசினால் உயிரணுவின் கருவுக்கு வெளியே இழுத்துவிடலாம்: ஆர்பிபி1-இல் ஒரு பிடிப்பகுதி, கருவைவிட்டு வெளியே போகும் ரைபோசோம் புரதத்தில் இன்னொரு பிடிப்பகுதி, ராபமைசின் இரண்டையும் கோத்துவிடும், பாலிமரேஸ் கருவைவிட்டுப் போய்விடும். ராபமைசினும் ஸ்ட்ரெப்டோமைசஸ் தந்ததுதான். அது வழக்கமாகத் தாக்கும் டிஓஆர் பாதையைக் காப்பாற்ற டிஓஆர்1-1 பிறழ்வும் எஃப்பிஆர்1 நீக்கமும் உள்ள ஈஸ்ட்டில்தான் இதைச் செய்ய வேண்டும்.

எதிர்ப்பு மரபணு உள்ள ஈஸ்ட்டை மட்டும் வளரவிடும் ஜெனிட்டிசின் வளர்ப்பில் ஏற்கெனவே இருந்தால் பரவாயில்லையா?

எடுத்துவிடுங்கள். ஜெனிட்டிசின், ஹைக்ரோமைசின், பாரோமோமைசின் எல்லாம் ரைபோசோமைத் தொடுகிறவை. எதிர்ப்பு மரபணு இருந்தாலும், சிதைவை அளக்கும் நாளில் அவை ஊடகத்தில் இருக்க வேண்டிய தேவை இல்லை. நிறுத்தக் கோடானை ரைபோசோம் தாண்டிப் போகவைக்கும் மருந்துகள் கண்காணிப்புப் பாதையின் முடிவுகளைக் குழப்பும்.

பாதுகாப்பு, சேமிப்பு?

சைக்ளோஹெக்ஸிமைடு நம் ரைபோசோம்களையும் நிறுத்தும். கையுறையோடு, பொடியை வாயுவெளியேற்றிப் பெட்டிக்குள் மட்டும் நிறுங்கள். கருவுற்றிருப்பவர்கள் தொடவே வேண்டாம். காரத்தில் அது சிதைந்துவிடும், ஆகவே கழிவோடு கார நீரைச் சேர்த்து வைத்துவிட்டு, உங்கள் நிறுவனத்தின் வேதிக்கழிவு விதிப்படி அனுப்புங்கள். அதே காரணத்தால் கரைசலைக் கார ஊடகத்தில் கலந்து வைத்தால் மருந்து வீணாகும்.

தயோலூட்டினை டிஎம்எஸ்ஓவில் கரைத்து, ஒரு சோதனைக்கு ஒரு குப்பி என்று சிறு பங்குகளாகப் பிரித்து, இருட்டில் மைனஸ் 20-இல் வையுங்கள். உருக்கிய குப்பியை மறுபடி உறையவைக்க வேண்டாம். குப்பியில் தொகுதி எண்ணை எழுதுங்கள். புதுத் தொகுதி வந்ததும் ஏசிடி1 முன்னோடி ஆர்என்ஏ சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.